லண்டன் இசைத்தட்டுக் கடைகள்: எங்கே போவது, எப்படிப் பார்ப்பது, எதை வாங்குவது

2007-ல் பிரிட்டன் முழுவதும் சேர்த்து விற்ற புதிய எல்.பி. (முழு ஆல்பம் அடங்கும் பெரிய) இசைத்தட்டுகள் சுமார் 2 லட்சம். 2024-ல் 67 லட்சம். 2000-களில் பெரிய கடைகள் ரெக்கார்டுகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு டிவிடிக்கும் வீடியோ கேமுக்கும் இடம் கொடுத்தன. அந்தக் காலத்தில் தட்டுகளை விடாமல் வாங்கி விற்றுக் காப்பாற்றியவை சின்னச் சின்னத் தனிக்கடைகள். அங்கே என்ன சரக்கு வைப்பது என்பதை எங்கோ இருக்கும் தலைமை அலுவலகம் முடிவு செய்வதில்லை. கல்லாவில் இருப்பவரின் காது முடிவு செய்கிறது. லண்டனில் இப்படிப்பட்ட கடைகள் இன்றும் நிறைய இருக்கின்றன. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.

பலர் இணையத்தில் கிடைக்கும் ‘சிறந்த 10 கடைகள்’ பட்டியலை வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி, அங்கே இரண்டு மூன்று கடைகள் போதும். ஒவ்வொரு கடையிலும் அந்தக் கடைக்கு எது நன்றாகத் தெரியுமோ அதைக் கேளுங்கள். ரெக்கே (ஜமைக்கா இசை) கடையில் ராக் தேடுவதும், எலக்ட்ரானிக் இசைக் கடையில் ஜாஸ் தேடுவதும் நேர விரயம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு எண்ணத்தை வைத்தே எழுதியது.

1. கிளம்பும் முன்

இரண்டு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பட்டியலில் குறிப்பிட்ட ஆல்பங்கள், ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒரு குறிப்பிட்ட அரிய தட்டுதான் வேண்டும் என்றால் இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் வீட்டிலிருந்தே வாங்கிவிடலாம், அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. இரண்டாவது பட்டியல்தான் முக்கியம். அதில் பெயர்கள் இருக்காது, திசைகள் இருக்கும்: ‘1970-களின் பிரிட்டிஷ் ஜாஸ்’, ‘பெண் குரலில் ரெக்கே’, ‘சிந்தசைசர் அதிகம் உள்ள ஆப்பிரிக்க இசை’ என்பது போல. கடைக்காரரிடம் பேச்சை ஆரம்பிக்க இந்த இரண்டாவது பட்டியல்தான் உதவும்.

நேரம் பார்த்துப் போங்கள். பெரும்பாலான கடைகள் காலை 10 அல்லது 11 மணிக்குத் திறந்து மாலை 6, 7 மணிவாக்கில் மூடும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. செவ்வாய், புதன் காலைகள் அமைதியானவை. கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். லண்டன் வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கடைகள் இடம் மாறும், மூடும். அதனால் இங்கே சொல்லும் எந்தக் கடைக்கும் கிளம்புவதற்கு முன்பு அந்த வாரமே அதன் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

பணக் கணக்கு: புதிய எல்.பி. ஒன்று ஏறக்குறைய 20 முதல் 35 பவுண்டு. பழையதில் மலிவுப் பெட்டியில் ஒன்றிரண்டு பவுண்டிலிருந்து ஆரம்பித்து மேல் எல்லை இல்லாமல் போகும். சுற்றுலாப் பயணிகள் கடையில் கட்டிய 20 சதவீத வாட் வரியை விமான நிலையத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும் வசதி முன்பு இருந்தது. 2021 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் அது இல்லை. பழைய பயணக் குறிப்புகளை நம்பி அதற்கென்று பட்ஜெட்டில் இடம் விடாதீர்கள்.

அகலமான, கெட்டியான துணிப்பை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்.பி. அட்டை ஒரு பக்கம் 31 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். சாதாரணத் தோள்பையில் வைத்தால் மூலைகள் மடங்கிவிடும்.

2. கடைக்குள் எப்படி நடந்துகொள்வது

உள்ளே நுழைந்ததும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, புதிதாக வந்த பழைய தட்டுகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று கேளுங்கள். எல்லாக் கடையிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். நல்ல சரக்கு அதில் சில நாட்கள்கூடத் தங்காது, உள்ளூர்க்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பெட்டியைப் புரட்டும்போது அட்டையின் மேல் விளிம்பைப் பிடித்து ஒவ்வொன்றாக முன்னால் சாயுங்கள். இழுத்துப் பிடுங்கினால் அட்டையின் ஒட்டிய ஓரம் கிழியும். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். அகர வரிசை கலைந்தால் அடுத்து வருகிறவருக்கு அந்தத் தட்டு கடையில் இல்லாத மாதிரிதான். பையைத் தரையில், மற்றவர்கள் நடக்கும் வழியை மறைக்காமல் வையுங்கள். பெட்டிகளின் மேல் வைப்பது யாருக்கும் பிடிக்காது.

பழைய தட்டுக் கடைகள் பலவற்றில் அலமாரியில் இருப்பது வெறும் அட்டை மட்டும்தான். தட்டு கல்லாவுக்குப் பின்னால் இருக்கும். அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தேடி எடுத்துத் தருவார்கள். அப்போது தயங்காமல் தட்டைப் பார்க்கக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, அவர்களும் எதிர்பார்ப்பார்கள்.

கேட்டுப் பார்க்க பிளேயர் வைத்திருக்கும் கடைகள் உண்டு. ஐந்தாறு தட்டுகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, கேட்கலாமா என்று அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். முழுப் பாட்டும் கேட்க வேண்டாம். ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் முள்ளை வைத்தால் போதும். முள்ளை வைக்கத் தெரியாவிட்டால் அவர்களையே வைக்கச் சொல்லலாம், தவறாக நினைக்க மாட்டார்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தில் பேரம் பேச வாய் வரும். ஒரு தட்டுக்குப் பேரம் வேண்டாம். கையில் ஒரு கட்டு சேர்ந்தால், மொத்தமாக எவ்வளவு என்று கேளுங்கள். பல கடைகளில் அவர்களாகவே கொஞ்சம் குறைப்பார்கள். ஒவ்வொரு விலையையும் கைபேசியில் டிஸ்காக்ஸோடு ஒப்பிட்டுக் கடைக்காரர் முகத்துக்கு முன்னால் காட்டுவது மரியாதை இல்லை. அந்தத் தளத்தின் விலையில் அனுப்பும் செலவு சேராது, தட்டை நேரில் பார்க்கும் வசதியும் சேராது.

3. தட்டைச் சோதிப்பது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு நிமிடம் செலவழித்தால் பணம் வீணாகாது.

தட்டை விளிம்பிலும் நடு லேபிளிலும் மட்டும் தொட்டுப் பிடியுங்கள். விளக்கு வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்படி மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அவை பெரும்பாலும் காகித உறையில் உரசியவை, காதுக்குக் கேட்காது. ஒரு கோடு விரலுக்குத் தட்டுப்படுகிறது என்றால் அது கேட்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டிக்’. அந்தக் கோடு பாட்டின் வழித்தடத்துக்குக் குறுக்கே போனால் டிக் மட்டும்தான். வழித்தடத்தோடு சேர்ந்தே ஓடினால் முள் குதிக்கும் அல்லது ஒரே இடத்தில் சுற்றும். இரண்டாவது வகையை விட்டுவிடுங்கள்.

அப்புறம் தட்டைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து விளிம்பு வழியாகப் பாருங்கள். வளைவு இருந்தால் தெரிந்துவிடும். லேசான, அகலமான வளைவை முள் சமாளிக்கும். சின்ன இடத்தில் திடீரென்று எழும் வளைவைச் சமாளிக்காது.

நடுத் துளையைச் சுற்றி லேபிளைப் பாருங்கள். பிளேயரின் தண்டில் தட்டைப் பொருத்தும்போது தடுமாறினால் லேபிளில் மெல்லிய கோடுகள் விழும். கோடு நிறைய என்றால் தட்டு நிறைய ஓடியிருக்கிறது. பளபளவென்று இருக்கும் தட்டும் தேய்ந்துபோயிருக்கலாம். மழுங்கிய முள்ளால் ஓட்டியிருந்தால் சத்தமான இடங்களில் குரல் கரகரக்கும். அதைக் கண்ணால் பிடிக்க முடியாது, பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்டால்தான் தெரியும். உள்வட்டத்தில்தான் அந்தக் கோளாறு முதலில் கேட்கும்.

தரக் குறியீடு: அமெரிக்க முறையில் மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, ஜி என்று இறங்கும். பிரிட்டனில் பலர் மின்ட்டுக்கு அடுத்து எக்ஸலன்ட் என்று எழுதுவார்கள். அமெரிக்கர்களின் விஜி பிளஸ்ஸுக்கு ஏறக்குறைய அது பக்கத்தில் வரும். ‘விஜி’ என்றால் மிக நல்லது என்ற பொருள் வந்தாலும் நடைமுறையில் இரைச்சல் கேட்கும் தட்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஜி’ போட்டிருந்தால் வேறெங்கும் கிடைக்காத தட்டாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

முதல் அச்சா, மறு அச்சா? அட்டையில் பார்கோடு இருந்தால் அது 1960-களில் அச்சான தட்டு அல்ல. ரெக்கார்டு அட்டைகளில் பார்கோடு வந்தது 1970-களின் கடைசியில்தான். 1960-களின் பிரிட்டிஷ் அட்டைகளில் முன்பக்கத்தின் பளபளப்பான தாள் ஓரங்களில் மடிந்து பின்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். சேகரிப்பவர்கள் அதை ‘ஃப்ளிப்பேக்’ என்பார்கள்; ஒரு தடவை கையில் பிடித்தால் மறக்காது. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் இருக்கும் வெற்று வளையத்தில் எண்களும் எழுத்துகளும் கீறப்பட்டிருக்கும். அதுதான் தட்டின் பிறப்புச் சான்று. அச்சுக்கான மூலத்தட்டை வெட்டும் மாஸ்டரிங் பொறியாளர்கள் சிலர் அங்கே தங்கள் அடையாளத்தைக் கீறுவார்கள். ஜார்ஜ் பெக்கம் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் ‘எ போர்க்கி பிரைம் கட்’ என்று கையால் எழுதுவார். அந்த வரி தெரிந்தால் நான் விலையைப் பார்ப்பதற்கு முன்பே தட்டைப் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுவேன், அவர் வெட்டிய தட்டுகளின் ஒலி அவ்வளவு திடமாக இருக்கும்.

மறு அச்சு என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். கேட்பதற்கு வாங்குகிறீர்களா, வைத்திருப்பதற்கு வாங்குகிறீர்களா என்பதுதான் கேள்வி. கேட்பதற்கு என்றால் 25 பவுண்டு மறு அச்சு, இரைச்சலோடு ஓடும் 200 பவுண்டு முதல் அச்சைவிட மேல்.

4. சோஹோ

முதல் தடவை போகிறவர்கள் மத்திய லண்டனின் இந்தப் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் அல்லது டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் எல்லாம் நடக்கும் தூரம். பெரிக் ஸ்ட்ரீட் 1990-களில் ரெக்கார்டு கடைகளால் நிறைந்த தெரு. 1995-ல் வந்த ஒயாசிஸ் குழுவின் இரண்டாவது ஆல்பத்தின் அட்டைப்படம் எடுக்கப்பட்டது இந்தத் தெருவில்தான். இன்று கடைகள் குறைந்துவிட்டன, ஆனால் மிச்சம் இருப்பவை வலுவானவை.

ரெக்லெஸ் ரெக்கார்ட்ஸ் பழைய தட்டுகளுக்கு. 1980-களிலிருந்து இருக்கும் பெயர். ராக், சோல், ஜாஸ், எல்லாம் கலந்து ஓடும். சரக்கு வேகமாக மாறும் என்பதால் பயணத்தின் முதல் நாளும் கடைசி நாளும் இரண்டு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது. அதே தெருவில் சிஸ்டர் ரே. ராக், இண்டி, பங்க் இசைக்கு, புதியதும் பழையதும்.

பக்கத்தில் பிராட்விக் ஸ்ட்ரீட்டில் சவுண்ட்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ். சோல் ஜாஸ் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளின் (இசை வெளியீட்டு நிறுவனத்தின்) சொந்தக் கடை இது. ஜமைக்கா, பிரேசில், நைஜீரியா, கியூபா, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஆழ்ந்த ஜாஸ், இவற்றை லண்டன்காரர்களுக்குத் தொகுத்துக் கொடுத்ததில் இந்த லேபிளுக்குப் பெரிய பங்கு. உலக இசையில் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கடை இதுதான். அவர்களுடைய தொகுப்புகளின் உள்ளே விரிவான குறிப்புகள் இருக்கும். ஒரு தொகுப்பை வாங்கினால் அதிலிருந்து அடுத்த இருபது பெயர்கள் கிடைத்துவிடும். (இதே பிராட்விக் ஸ்ட்ரீட்டில் ஒரு தண்ணீர்ப் பம்பு நிற்கிறது. 1854-ல் காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று டாக்டர் ஜான் ஸ்னோ காட்டிய பம்பின் நினைவாக வைத்தது. தட்டு வாங்கிவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.)

போலண்ட் ஸ்ட்ரீட்டில் ஃபோனிக்கா, 2003-ல் திறந்தது. ஹவுஸ், டெக்னோ, ஆம்பியன்ட் என்று மின்னணு இசைக்கு. கேட்டுப் பார்க்கும் பிளேயர்கள் இருக்கின்றன, டி.ஜே.க்கள் ஹெட்போனோடு நின்றிருப்பார்கள். பெயர் தெரியாத 12 அங்குல சிங்கிள்கள்தான் (ஒன்றிரண்டு பாட்டு மட்டும் உள்ள தட்டுகள்) இங்கே அதிகம், அட்டையைப் பார்த்து எதுவும் புரியாது. உங்களுக்குப் பிடித்த இரண்டு பாட்டைச் சொல்லி, இதைப் போல என்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள்.

5. மேற்கு: லாட்புரோக் குரோவ் முதல் நாட்டிங் ஹில் கேட் வரை

எனக்கு மிகவும் பிடித்த பாதை இது. லாட்புரோக் குரோவ் ஸ்டேஷனில் இறங்கி போர்ட்டபெல்லோ ரோட்டுக்கு வந்தால் ஹானஸ்ட் ஜான்ஸ். 1974-லிருந்து இந்தப் பகுதியில் இருக்கும் கடை. ஜாஸ், ரெக்கே, ஆப்பிரிக்க இசை, கரீபியன் இசை. பிளர் குழுவின் டேமன் ஆல்பர்னோடு சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் இதே பெயரில் லேபிளும் ஆரம்பித்தார்கள். 1948-ல் கரீபியன் குடியேறிகளை ஏற்றி வந்த எம்பயர் வின்ட்ரஷ் கப்பலில் பிரிட்டன் வந்திறங்கிய கலிப்ஸோ (டிரினிடாட் தீவின் பாட்டு வகை) பாடகர் லார்ட் கிச்னர் போன்றவர்கள் லண்டனில் பதிவு செய்த பாட்டுகளை அந்த லேபிள் மீண்டும் வெளியிட்டது. அந்தக் குடியேறிகள் வாழ்ந்த தெருக்களில் ஒன்றில் நின்றுகொண்டே அந்தத் தட்டை வாங்குவது வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத அனுபவம்.

இன்னொரு காரியமும் அவர்கள் செய்தார்கள். லண்டனின் மேற்கு ஓரத்தில் ஹேய்ஸ் என்ற இடத்தில் இ.எம்.ஐ. என்ற இசை நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. உலகம் முழுவதும் சென்று பதிவு செய்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றிலிருந்து 1920-களின் பாக்தாத் பாட்டுகள், லண்டனில் பதிவான மேற்கு ஆப்பிரிக்கர்களின் பாட்டுகள் என்று எடுத்து எல்.பி.களாக வெளியிட்டார்கள். நமக்கும் ஹேய்ஸுக்கும் நேரடி உறவு உண்டு. தாத்தா வீட்டில் நாய்ப் படம் போட்ட எச்.எம்.வி. தட்டு இருந்திருந்தால், அது கல்கத்தா டம்டம்மில் அச்சாகியிருக்கும். அந்த கிராமஃபோன் கம்பெனியின் தாய் நிறுவனத்தின் தொழிற்சாலை ஹேய்ஸில்தான் இருந்தது. அந்த நாய் நிப்பர் புதைக்கப்பட்டதும் லண்டனின் தென்மேற்கில் உள்ள கிங்ஸ்டனில்தான்; அங்கே ஒரு சந்துக்கு அதன் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் டால்பட் ரோட்டில் ரஃப் டிரேட் வெஸ்ட். முதல் கடை 1976-ல் பக்கத்துக் கென்சிங்டன் பார்க் ரோட்டில் திறந்தது. பங்க் இசை வெடித்த காலத்தில், யாரும் விற்க முன்வராத சொந்தச் செலவில் அச்சடித்த தட்டுகளை வாங்கி விற்றது, பிறகு லேபிளாகவும் வளர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் கடையும் லேபிளும் பிரிந்தன. கடையை அதில் வேலை பார்த்தவர்களே எடுத்து நடத்தி டால்பட் ரோட்டுக்கு வந்தார்கள். இடம் சின்னது, சுவர் முழுக்கப் பழைய போஸ்டர்கள். ஒவ்வொரு தட்டின் மேலும் கடைக்காரர்கள் எழுதிய சிறு குறிப்பு ஒட்டியிருக்கும். அதை நிதானமாகப் படியுங்கள்.

கடைசியில் நாட்டிங் ஹில் கேட்டில் மியூசிக் அண்டு குட்ஸ் எக்ஸ்சேஞ்ச். பழைய பெயர் ரெக்கார்ட் அண்டு டேப் எக்ஸ்சேஞ்ச். விலைச் சீட்டைக் கவனியுங்கள்: விற்காத தட்டின் விலையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள், பழைய விலைகள் சீட்டிலேயே தெரியும். பல தடவை குறைத்த தட்டில் உண்மையான லாபம் கிடைக்கும். நேற்று ஒட்டிய சீட்டில் கிடைக்காது. மலிவுப் பெட்டிகளுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தெற்கு நோக்கி நடக்க நடக்கப் பாதை கொஞ்சம் ஏற்றம். கனமான பையோடு நடக்க முடியாதவர்கள் எதிர்த்திசையில் வரலாம். சனிக்கிழமை போர்ட்டபெல்லோவில் பழம்பொருள் சந்தைக்கு வரும் கூட்டத்தில் எல்.பி. பையோடு நகர முடியாது, வேறு நாளில் போங்கள். ஆகஸ்ட் கடைசியில் நாட்டிங் ஹில் கார்னிவல் நடக்கும் இரண்டு நாளும் கடைகள் வழக்கம்போல இருக்காது.

6. கிழக்கு

பிரிக் லேனை ஒட்டிய பழைய ட்ரூமன் மதுபான ஆலை வளாகத்தில் ரஃப் டிரேட் ஈஸ்ட், 2007-ல் திறந்தது. கட்டுரையின் முதல் வரியில் சொன்ன அதே மோசமான ஆண்டு. அப்போது இவ்வளவு பெரிய ரெக்கார்டு கடையைத் திறந்தது பெரிய துணிச்சல். புதிய வெளியீடுகள் எல்லாம் இங்கே கிடைக்கும். இங்கே வரவேண்டியதன் முக்கியக் காரணம் கடைக்குள்ளேயே நடக்கும் கச்சேரிகள். ஆல்பத்தையும் நுழைவையும் சேர்த்து ஒரே சீட்டாக விற்பார்கள். ஊருக்குக் கிளம்பும் முன்பே அவர்கள் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து முன்பதிவு செய்துவிடுங்கள். பக்கத்தில் பெத்னல் கிரீன் ரோட்டில் ஃபிளாஷ்பேக், பழைய தட்டுகளுக்கு நம்பகமான கடை. அவர்களுக்கு இஸ்லிங்டன் எசெக்ஸ் ரோட்டிலும் கடை உண்டு.

7. ரெக்கே தேடுபவர்களுக்கு

பிரிக்ஸ்டனில் ஏக்கர் லேனில் சூப்பர்டோன். ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கம் அஸ்கியூ ரோட்டில் பெக்கிங்ஸ். ஜமைக்காவின் ஸ்டுடியோ ஒன் தட்டுகளை 1970-களிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்து விற்ற குடும்பக் கடை. இங்கே 7 அங்குல சிங்கிள்கள்தான் பிரதானம். ஜமைக்காவில் அச்சான சிங்கிள்களின் நடுத்துளை பெரிதாக இருக்கும். வீட்டு பிளேயரில் போட ஒரு சின்ன வட்ட அடாப்டர் வேண்டும், கடையிலேயே சில்லறைக் காசுக்கு வாங்கிவிடுங்கள். ஜமைக்க அச்சில் துளை சற்று நடுவை விட்டு விலகியிருப்பதும், மேற்பரப்பில் இரைச்சல் இருப்பதும் சகஜம். மற்ற இசைக்கு வைக்கும் தர அளவுகோலை இங்கே வைத்தால் நல்ல பாட்டுகளை இழப்பீர்கள்.

இந்தக் கடைகளில் ரெக்கேயைப் பற்றித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். புதிதாகக் கேட்கிறேன், லவர்ஸ் ராக் (ரெக்கேயின் மென்மையான காதல் பாட்டு வகை) பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். அது லண்டனிலேயே பிறந்த வகை, கேட்டதும் அவர்கள் முகம் மலரும். ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டுகளைப் போட்டுக் காட்டுவார்கள்.

8. இந்திய, தமிழ்த் தட்டுகள் கிடைக்குமா?

சோஹோவில் தமிழ் சினிமா எல்.பி. எதிர்பார்த்துப் போகாதீர்கள். ‘வேர்ல்டு’ அல்லது ‘இந்தியா’ என்று எழுதிய சின்னப் பிரிவில் ரவிசங்கரும் சில இந்திப் படத் தட்டுகளும் இருக்கும். இளையராஜாவின் 1970-கள், 80-களின் பாட்டுகளை ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் லேபிள் தொகுத்து வெளியிட்டது. சவுண்ட்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ், ஹானஸ்ட் ஜான்ஸ் போன்ற இடங்களில் அதைப் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

இன்னும் சுவாரசியமானது லண்டனிலேயே பிறந்த கலவைகள். கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் ஜமைக்காவில் பிறந்த ஜோ ஹாரியட்டும் 1960-களில் லண்டனில் சேர்ந்து பதிவு செய்த இண்டோ-ஜாஸ் தட்டுகளை விசாரியுங்கள். அப்புறம் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் லண்டன் தமிழர் மாயா அருட்பிரகாசம். 2003-ல் அவருடைய முதல் சிங்கிள் வெறும் 500 பிரதிகள்தான் ஒரு சின்ன லேபிளில் அச்சானது. தனிக்கடைகளும் டி.ஜே.க்களும் கையில் எடுத்துப் பரப்பிய தட்டு அது.

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ, சவுத்தால் பக்கம் உறவினர் வீட்டில் தங்குகிறீர்கள் என்றால், அந்தந்தத் தெருக்களில் இருக்கும் தொண்டு நிறுவனக் கடைகளை விட்டுவிடாதீர்கள். வீட்டைக் காலி செய்கிறவர்கள் பழைய தட்டுகளை அங்கேதான் கொடுப்பார்கள். விலை மிகவும் குறைவு, சரக்கு முழுக்க அதிர்ஷ்டம்.

9. ரெக்கார்ட் ஸ்டோர் டே

2008-ல் அமெரிக்காவில் தொடங்கி பிரிட்டனுக்கும் வந்தது. ஆண்டுதோறும் பெரும்பாலும் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கென்றே அச்சடித்த தட்டுகள் தனிக்கடைகளில் மட்டும் கிடைக்கும். விடியும் முன்பே வரிசை நிற்கும். குறிப்பிட்ட ஒரு தட்டு வேண்டும் என்றால் வரிசையில் நில்லுங்கள். நிதானமாகப் பெட்டிகளைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அன்றைக்குப் போகாதீர்கள். மதியத்துக்கு மேல் பெரிக் ஸ்ட்ரீட் பக்கம் தெருவிலேயே இசை நடக்கும், அதற்கு மட்டும் போகலாம்.

10. ஊருக்குக் கொண்டுவருவது

10 எல்.பி. கிட்டத்தட்ட 3 கிலோ. விமானத்தில் கைப்பையிலேயே வையுங்கள்; பாதுகாப்பு எக்ஸ்-ரேயால் தட்டுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. தட்டை உள்ளுறையோடு அட்டையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டையும் ஒன்றாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டால், குலுக்கலில் தட்டின் விளிம்பு அட்டையைக் கிழிக்காது. பெட்டியில் போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் வெயிலில் நிற்கும் காரில் தட்டுகளை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தட்டு செய்யும் வினைல் பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகி வளைந்துவிடும், சென்னையின் மே மாதத்துக் காருக்குள் அந்தச் சூடு வெகு சீக்கிரம் வரும். வீட்டில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள், படுக்கையாக அடுக்க வேண்டாம். கடலோர ஈரப்பதத்தில் பழைய காகித உள்ளுறை பூஞ்சை பிடிக்கும். வந்தவுடன் புதிய பிளாஸ்டிக் உள்ளுறைக்கு மாற்றிவிடுங்கள். ஆல்கஹால் கலந்த சுத்திகரிப்புத் திரவத்தை 78 சுற்று அரக்குத் தட்டில் மட்டும் போடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

லண்டனிலேயே வசிப்பவர்களுக்கு ஒன்று: ஆசையாக வாங்கி, கேட்டுப் பார்த்து, மனதுக்கு ஒட்டாத தட்டுகளை அலமாரியில் அடைத்து வைக்க வேண்டியதில்லை. பழைய தட்டுக் கடைகள் பெரும்பாலானவை திரும்ப வாங்கிக்கொள்ளும். அடையாள அட்டை கேட்கலாம், எடுத்துப் போங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் போகாமல் வாரநாளில் போனால் ஒவ்வொரு தட்டாகப் பார்த்து விலை சொல்வார்கள். ரொக்கமாகக் கேட்டால் குறைவாகவும், அதே கடையில் வேறு தட்டுக்கு மாற்றிக்கொண்டால் கூடுதலாகவும் கிடைக்கும்.